சுத்திகரித்த கழிவுநீர்: தெளிவு சான்றாகாது

சென்ற வாரமும் மினரல் வாட்டர் பாட்டிலில் ஒரு மாதிரி வந்தது. நாகர்கோவிலை அடுத்த ஒரு குடியிருப்பு வளாகத்தின் எஸ்.டி.பி.யில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்த தண்ணீர் அது. கொண்டுவந்தவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க சார், கிணத்துத் தண்ணி மாதிரி தெளிஞ்சு கிடக்கு, வாடையும் இல்ல" என்றார். அதே தண்ணீரைத்தான் அங்கே கீரைப்பாத்திக்கும் பிள்ளைகள் விளையாடும் புல்தரைக்கும் பாய்ச்சுகிறார்கள். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

தெளிவும் வாடையின்மையும் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் 100 மில்லிக்கு ஒரு கோடி மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா (மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா) இருப்பது சாதாரணம். "எங்கள் நிலையம் 99 சதவீதம் நீக்குகிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு கோடியில் 99 சதவீதம் போனால் மிச்சம் ஒரு லட்சம், 99.9 சதவீதம் போனாலும் மிச்சம் பத்தாயிரம். 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த வரம்பு 100 மில்லிக்கு 1000 எம்.பி.என். (சோதனையிலிருந்து கணிக்கும் பாக்டீரியா எண்ணிக்கை); அதைத் தொடவே 99.99 சதவீதம் நீங்க வேண்டும். பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில் மலக் கோலிஃபார்ம் அறவே இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேடு தரும் பரிந்துரை. ஒரு லட்சம் பாக்டீரியா மிதக்கும் 100 மில்லி தண்ணீரும் பளிங்காகத் தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த 99 என்ற எண்ணை இனிமேல் யாரும் சான்றிதழைப் போல நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, மாதிரி எடுக்கும் லட்சணம். காலையில் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, குளோரின் நெடி அடங்கும் முன்பே பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்தால், வழி நெடுக அந்தக் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே வரும்; அறிக்கை சுத்தமாக வரும், தோட்டக் குழாயில் வரும் தண்ணீர் மாறாது. கிருமி நீக்கிய பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இட்டு நாங்களே தருவது அந்தக் குளோரினை முறிப்பதற்காகத்தான். அந்த வளாகத்திலும் முறைப்படி, நிலையத்தின் வாசலில் அல்லாமல் கீரைப்பாத்தியின் குழாய் முனையில் மறுமாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு வைத்தோம். 44.5 டிகிரி செல்சியஸில் வைத்த 15 சோதனைக் குழாய்களிலும், உள்ளே கவிழ்த்திருந்த சிறு குழாய்களின் தலையில், மலக் கோலிஃபார்ம் இருப்பதற்கு அடையாளமான வாயு குமிழாய்த் திரண்டிருந்தது. எண்ணிக்கை 100 மில்லிக்கு 1600 எம்.பி.என்.னுக்கு மேல். எவ்வளவு மேல் என்பதை அறிய இன்னும் நீர்க்கச் செய்துதான் பார்க்க வேண்டும். மூடியில்லாத சேமிப்புத் தொட்டியும் நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் குழாயும் இருக்கும் இடத்தில், நிலையத்தைத் தாண்டியதும் பாக்டீரியா மீண்டும் பெருகும்.

மலக் கோலிஃபார்ம்களில் முக்கியமான ஈ.கோலை இல்லை என்று வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. அது மலம் கலந்ததற்கான ஓர் அடையாளம் மட்டுமே. உருண்டைப்புழுவின் முட்டையும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியமும் வழக்கமான குளோரின் அளவுக்கு மசிவதில்லை. முட்டையை வீழ்படியவிட்டும் வடிகட்டியும்தான் நீக்க வேண்டும், கிரிப்டோஸ்போரிடியத்துக்குப் புற ஊதா ஒளி வேலை செய்யும். பாசனத்துக்கான நீரில் லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். 2023 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதி, பச்சையாக உண்ணும் பயிர்களுக்கான நீரில் வாரந்தோறும் ஈ.கோலையைப் பார்க்கச் சொல்கிறது. புதிய நிலையம் இயங்கத் தொடங்கும் முன் கோலிஃபேஜ் வைரஸ்களும் (ஈ.கோலையைத் தாக்குபவை) குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் வித்துகளும் எவ்வளவு நீங்குகின்றன என்று நிரூபிக்கவும் சொல்கிறது. இங்கே வருடத்துக்கு ஒரு முறை பி.ஓ.டி. (கரிம அழுக்கின் அளவைக் காட்டும் ஆக்சிஜன் தேவை) பார்த்துவிட்டு ஃபைலை மூடுகிறோம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. மழைநீர் தொட்டிக்குள் புகுந்தால் நீர் ஓட்டம் கூடி, குளோரினோடு கலந்திருக்கும் நேரம் குறைந்துவிடுகிறது. பல வளாகங்களில் பத்தடி தள்ளிக் கிணறு, அதற்கப்பால் குளம் அல்லது பழையாற்றுக்குப் போகும் ஓடை.

ஆகவே நிர்வாகிகளே, எஞ்சிய குளோரினைத் தினமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அம்மோனியா நீங்காத நீரில் குளோரின் அதனோடு சேர்ந்து வலுவிழந்துபோகும் என்பதால் நெடியை நம்பாதீர்கள். பயன்படும் குழாய் முனையில் மாதிரி எடுங்கள். அடைமழை நாட்களில் எடுக்கத் தவறாதீர்கள். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இந்த நீர் வேண்டாம். தென்னைக்கும் வாழைக்கும் தூரில் சொட்டுநீராக விடுங்கள், காற்றில் தெளிக்க வேண்டாம். குடிநீர்க் குழாயோடு இதை எங்கும் இணைக்காதீர்கள். நாள் முழுவதும் அந்த ஈரத்தில் நிற்கிற தோட்டத் தொழிலாளிக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மாத்திரையும் கிடைக்கச் செய்யுங்கள். அவர் கேட்கும்வரை தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.