அந்த நோட்டை அவரேதான் எழுத வேண்டும்

குடிநோய்ப் பிரிவில் ஒருவர் சேர்ந்த முதல் சில நாட்களில் அவரிடம் நான் பொறுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. குடியை நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் வரும் மனக்குழப்பம் உயிரையே பறிக்கக்கூடும். அப்போது தேவைப்படுவது மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தூக்கமும்தான். பல ஆண்டுகள் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்க வேண்டாம் என்று உறவினர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நடுக்கம் அடங்கிய பிறகு, குடியால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதச் சொல்லி ஒரு நோட்டைக் கொடுப்பேன். லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் முதல் பக்கத்தில் மச்சானிடமும் முதலாளியிடமும் வாங்கிய கைமாற்றுகளை மட்டும் எழுதி, கூட்டியும் வைத்திருந்தார். அடகில் நகையெல்லாம் மூழ்கிப்போய், வெறும் மஞ்சள் கயிற்றோடு மனைவி வந்து பார்த்துவிட்டுப் போன அன்று மாலை, இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "என் சத்தம் கேட்டாலே பாப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்."

"குடி ஒரு நோய்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டர்?" என்று என்னிடம் கேட்டார். நோய்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தருவது என் வேலை என்றால், கட்டிலுக்கு அடியில் ஒளியும் குழந்தைக்குப் பதில் சொல்வது அவர் வேலை. தானாக விரும்பிக் குடித்தவர் 'போதையில் செய்துவிட்டேன்' என்று சொல்லித் தப்பிக்கச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை.

குடியிலிருந்து மீள விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்காக 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, மீட்சிக்கு வகுத்த 12 படிகளில் எட்டாவது, தன்னால் துன்பப்பட்டவர்களைப் பட்டியலிடுவது. ஒன்பதாவது, அவர்களுக்கு நேரடியாக ஈடுசெய்வது, அதுவும் யாரையும் மேலும் புண்படுத்தாத வகையில். 'மன்னித்தேன் என்று சொல்' என மனைவியை நெருக்குவது இதில் சேராது.

அந்த மனைவி பல ஆண்டுகளாகப் பட்டறைக்குப் போன் செய்து, "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லி வந்தார். இனி அதைச் செய்ய வேண்டாம் என்றேன். அடிதடி இருக்கும் வீட்டுப் பெண்களிடம் 181 உதவி எண்ணையும் தயங்காமல் கொடுக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவரே முதலாளியை அழைத்து உண்மையைச் சொன்னார். மூன்று மாதம் மெஷினைத் தொட விடவில்லை. பேக்கிங் வேலைதான் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டு போய் வந்தார். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒவ்வொரு கைமாற்றாக அடைத்து, நோட்டில் அந்த வரியை அடித்துக் கொண்டுவந்து காட்டுகிறார். இரண்டாம் பக்கத்து வரியை இன்னும் அடிக்கவில்லை.