ரேஸுக்குத் துணை போகிறவர்களுக்கு ஒரு மருத்துவர் எழுதுவது

மழை ஓய்ந்து, வாடைக்காற்றும் தணிந்து, மாசி பிறக்கும் நேரத்தில் ராமநாதபுரத்தில் என் கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். தோள்பட்டை வலி, முழங்கால் வீக்கம், பாதத்தில் ஒடிந்த முள். கேட்டால், "சீசனோட முதல் ரேஸ் டாக்டர், விட்டுட முடியாது" என்பார்கள். கடலில் நீச்சல், மண் தடத்தில் சைக்கிள், காட்டுப்பாதையில் ஓட்டம் என்று மூன்றையும் தொடர்ச்சியாக முடிக்கும் ஆஃப்ரோடு ட்ரையத்லான். 1996-ல் ஹவாயின் மவுயி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா போட்டிகளால் உலகறிந்த விளையாட்டு இது. முழுத் தூரம் என்றால் வழக்கமாக 1.5 கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அரியமான் கடலும் உச்சிப்புளிப் பக்கத்துப் பனங்காட்டுத் தடங்களும் இதற்கென்றே அமைந்தவை போல இருப்பதால், நம் பிள்ளைகள் ஆசையோடு இறங்குகிறார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

போட்டியாளருக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் இருக்கிறார், யூடியூப் இருக்கிறது. பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு கூடவே வரும் மனைவிக்கோ, அப்பாவுக்கோ, மச்சானுக்கோ யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போட்டி நடக்கும்போது வெளியாள் உதவி செய்வது ட்ரையத்லான் விதிப்படி கூடாது. பாட்டில் நீட்டினாலும், பஞ்சர் போட்டுக் கொடுத்தாலும் போட்டியாளருக்குத்தான் தண்டனை. அப்படியானால் குடும்பத்துக்கு என்ன வேலை? பார்ப்பது. அவர் இயல்பாக எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார் என்பது மருத்துவக் கூடாரத்தில் இருக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

முதல் ரேஸில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உடல் இன்னும் வெயிலுக்குப் பழகியிருக்காது. மார்கழி, தை முழுக்க விடியலுக்கு முன்பே பயிற்சியை முடித்துவிட்டு, பகலெல்லாம் ஏசி அறையில் இருந்தவர், ரேஸ் அன்று ஓட்டத்தைத் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும். வெயிலில் பயிற்சி செய்து உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் வியர்வை சீக்கிரம் சுரக்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். நம் கடற்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழியுமே தவிர, காய்ந்து உடலைக் குளிர்விக்காது. சைக்கிளில் போகும்போது கடற்காற்று முகத்தில் படுவதால் உள்ளே சூடு ஏறுவதும் தெரியாது.

என்னிடம் வந்த ஒருவரின் மனைவி சொன்னதை இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன். "சைக்கிளை எங்க நிறுத்தணும்னு தெரியாம நின்னார் டாக்டர். என்னங்க ஆச்சுன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தார். அவர் என்கிட்ட அப்படிப் பேசுற ஆளே இல்ல." அந்த அம்மா உடனே ஆட்களைக் கூப்பிட்டார். அவர் கணித்தது சரி. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது மூளை. குழப்பம், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது எல்லாம் வெப்பவாதத்தின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறிகள். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, கடும் உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரையும் நம்ப வேண்டாம், குறைவாகக் காட்டும்.

இந்த நிலையில் அவரை காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். முதலில் அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். முதல் 30 நிமிடத்துக்குள் சூட்டை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். இதில் நம் கரைக்கு ஒரு வசதி இருக்கிறது. மீன் இறங்கும் ஊர்களை ஒட்டி ஐஸ் கம்பெனி இருக்கும். ரேஸ் அன்று காலையில் ஒரு மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸும், கேன்களில் தண்ணீரும், நல்ல கெட்டியான தார்ப்பாய் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். மருத்துவக் கூடாரம் பக்கத்தில் இருந்தால் அங்கே தூக்குங்கள். இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, தார்ப்பாயில் அவரைக் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி உடலோடு அலையடிக்கும்படி ஆட்டுங்கள். ஒருவர் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும். தெளிந்து பேசும் வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஆட்கள் பொறுப்பெடுக்கும் வரை நிறுத்தாதீர்கள். குழப்பத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் பாசம் அளவு மீறிவிடுகிறது. "குடி, குடி" என்று முதல் நாளிலிருந்தே லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, அதுவே தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடித்தால் போதும். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ரேஸ் முடிந்ததும் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ கொடுங்கள்.

நீச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும், இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன சம்பவங்களையும் ஆராய்ந்தபோது, 135 பேரில் 90 பேருக்கு அது நீச்சலில்தான் நடந்திருந்தது. பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள். 40 தாண்டியவர் என்றால் ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்காமல் பெயர் கொடுக்க விடாதீர்கள். பயிற்சியில் நெஞ்சு இறுகியது என்று சொன்னால் சிரித்துத் தள்ளாதீர்கள். மூச்சு திணறினால் நின்றிருக்கும் வள்ளத்தையோ மிதவையையோ பிடித்து இளைப்பாற விதி இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாது, தெரிந்தவருக்கும் வெட்கம். வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஆழமில்லாத இடத்தில் காலைத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சொறிமீன் பட்ட இடத்தில் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள். சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து தங்கினால் மூட்டு வாரக்கணக்கில் வீங்கும், டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் ஒரு நாள் கவனியுங்கள். தசை வலிக்கு அன்று வலி மாத்திரை வேண்டாம், நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே கூட்டிவாருங்கள். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டிருந்தால் அந்த அட்டையும் கையில் இருக்கட்டும்.