கூழ்மச் சிலிக்கா

‘கொலாய்டல் சிலிக்கா’ என்பதைச் சிலர் ‘சிலிக்காக் கரைசல்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. சிலிக்கா என்பது மணலிலும் பாறையிலும் இருக்கும், சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். நீரில் கரைந்துபோன சிலிக்கா வேறு. கரையவும் செய்யாமல் அடியில் தங்கவும் செய்யாமல் நீரில் அலையும் நுண்துகள்கள் வேறு. இந்த இரண்டாவதற்குப் பள்ளிப் பாடநூலிலேயே நல்ல சொல் இருக்கிறது: கூழ்மம்.

‘கொலாய்டு’ 1861-ல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் வைத்த பெயர், பசையைக் குறிக்கும் ‘கொல்லா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல்லுக்கு வேர் நம் கூழ். சிலிக்காவின் மூலம் ‘சிலெக்ஸ்’ என்ற லத்தீன் சொல், அதாவது சிக்கிமுக்கிக் கல்.

துகள் எப்படி உருவாகிறது என்பதை ஐஸ்லாந்தில் ப்ளூ லகூன் என்ற வெந்நீர்க் குளத்தில் நன்றாகப் பார்க்கலாம். பக்கத்திலுள்ள ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் நிலத்தடியிலிருந்து சுமார் 240 டிகிரி வெப்ப நீரை எடுக்கிறது. அந்தச் சூட்டில் ஒரு கிலோ நீர் பாறையிலிருந்து 400 மில்லிகிராமுக்கு மேல் சிலிக்காவைக் கரைத்துவைத்திருக்கும். மேலே வந்து, கொஞ்சம் நீராவியாகப் போய், மீதி 40 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 150 மில்லிகிராமுக்கு மேல் தாங்காது. அப்போது மிஞ்சிய சிலிசிக் அமில மூலக்கூறுகள் (கரைந்த சிலிக்கா நீரில் இருக்கும் வடிவம் இதுதான்) தம்மிடமிருந்து நீர் மூலக்கூறுகளைக் கழித்துவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, முதலில் ஓரிரு நானோமீட்டர் உருண்டைகளாகத் திரண்டு, அப்புறம் மெல்லப் பருக்கின்றன. நீர் அமிலமாக இருந்தால் இது தாமதமாகும், உப்பு இருந்தால் துகள்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் குளத்தின் பால்நீலம் இந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஒரு குவளையில் மொண்டு பார்த்தால் நீலம் தெரியாது. துகள்கள் கூடிக் கனத்து இறங்கியதும் அதைக் கூழ்மம் என்று சொல்லக்கூடாது, வீழ்படிவு என்றுதான் சொல்ல வேண்டும். குளத்தடியில் இருக்கும் வெள்ளைச் சேறு அதுதான். 1976-க்குப் பிறகு மின்நிலையம் வெளியேற்றிய நீர் எரிமலைப் பாறையின் ஓட்டைகளில் இறங்கிவிடாமல் குளமாகத் தேங்கியதற்கும் இந்த வீழ்படிவு அடைத்துக்கொண்டதே காரணம்.

சரி, சிலிக்காவுக்குத் தமிழ்? ‘மண்ணியம்’ என்பது சிலிக்கான் என்ற தனிமத்துக்குச் சொல்வது. ‘மணல்’ என்றும் எழுத முடியாது, பவளத் தூள் நிறைந்த கடற்கரை மணலில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். எனக்குச் சிலிக்காவை அப்படியே வைத்துக்கொள்வதுதான் சரியாகப் படுகிறது: கூழ்மச் சிலிக்கா.