பென்சிலுக்குத் தாங்கும், சல்லிக்கல்லுக்குத் தாங்காது

போன கிழமை தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி சிவப்பு மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "சும்மா ஒருக்கா பாருங்க அண்ணே, பொனட்ல புள்ளி புள்ளியா ஏதோ தெரியுது" என்றார். கழுவித் துடைத்து, லைட்டைச் சாய்த்துப் பிடித்தேன். ஒவ்வொரு கல்லடிக்குப் பக்கத்திலும் மாஸ்கிங் டேப்பை நகக்கண் அளவு கிழித்து ஒட்டிக்கொண்டே போனேன். பொனட்டிலும் பம்பரிலுமாக 43 துண்டு. அதோடு நிறுத்திக்கொண்டேன். டேப் மிச்சமிருந்தது, அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"ஆனா அண்ணே, நைன் ஹெச் அடிச்சிருக்கு தானே!"

இதே வசனத்தை இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் திறந்துவிடும்வரை ஆசையை அடக்கி வைத்திருந்த பிள்ளைகள், இப்போது காரின் விலைக்கு மேல் வரியையும் கட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு கொழும்பில் ஒரு கடையில் விட்டு, பெயின்டின் மேல் பூசிக் காயவிடும் செரமிக் கோட்டிங் அடித்துக்கொண்டு, அதன் டப்பாவில் இருக்கும் 'நைன் ஹெச்'சை நம்பி, "இனி ஒரு கல்லும் அண்டாது" என்ற தைரியத்தில் கித்துல்கல தாண்டி மேலே ஏறுகிறார்கள். கினிகத்தேனை வருவதற்குள் முதல் கல்.

இந்த நைன் ஹெச் விவகாரத்தை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பியிடம் விற்றவர் "வைரம் பத்து, இது ஒன்பது" என்று சொல்லியிருக்கிறார். வைரத்துக்குப் பத்து என்பது கற்களின் கடினத்தை அளக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் ஒன்பது யாருக்கு என்றால் நம் இரத்தினபுரி நீலக்கல்லுக்கு. போத்தலில் வருகிற எந்தத் திரவமும் காய்ந்து நீலக்கல் ஆகாது. டப்பாவில் அச்சடித்திருக்கும் 9 ஹெச் பென்சில் கணக்கு. ஆமாம், பிள்ளைகள் சித்திரப் பாடத்துக்குக் கொண்டுபோகிற அதே பென்சில். மென்மையான பென்சிலுக்கு பி, கடினமானதற்கு ஹெச், ஹெச்சில் கடைசிப் பென்சில் ஒன்பது. பூச்சு காய்ந்த தகட்டின் மேல் பென்சிலை 45 பாகையில் சாய்த்து, 750 கிராம் பாரம் வைத்துத் தள்ளுவார்கள். ஒன்பதாம் நம்பர் பென்சில் கீறாவிட்டால் பூச்சு 9 ஹெச். பரிசோதனை முடிந்தது. அந்தத் தகட்டின் மேல் யாரும் கல் எறிந்து பார்க்கவில்லை.

நம் ரோட்டில் கிடக்கிற சல்லிக்கல் பென்சில் இல்லை. நம் மலைக் கற்களில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ், வைரம் பத்து என்கிற அந்தக் கணக்கில் ஏழு. அதை விடுங்கள், கடினம் வேறு, அடி தாங்குவது வேறு. தேநீர் குடிக்கிற கண்ணாடி கிளாசை எந்தப் பென்சிலாலும் கீற முடியாது. அதற்காக அதைச் சீமெந்துத் தரையில் போட்டுப் பார்ப்பீர்களா?

கனத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். பிள்ளையின் பயிற்சிக் கொப்பியில் ஒரு தாளை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய 80 மைக்ரோன் இருக்கும். உங்கள் காரில் தகட்டிலிருந்து மேல் வார்னிஷ் வரை எல்லா பெயின்டும் சேர்ந்து அப்படி ஒன்றரைத் தாள் கனம். அதில் மினுமினுப்பைத் தருகிற வார்னிஷ் அரைத் தாள். செரமிக் கோட்டிங் என்பது அந்தத் தாளின் கனத்தை ஐம்பதாகக் கூறு போட்டு, அதில் ஒரு கூறு. ஒரு மைக்ரோன், மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால் செரமிக் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நானும்தான் அடிக்கிறேன். தண்ணீர் நிற்காது, சேறு இலேசாகப் போகும், கழுவுகிறவனுக்கு வேலை பாதி. அது செய்கிற வேலை அவ்வளவுதான். கல்லுக்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அப்படிச் சொல்லி விற்றவரைத்தான் சொல்ல வேண்டும்.

கல்லுக்கு என்று இருப்பது பிபிஎஃப், பெயின்டைக் காக்க அதன் மேல் ஒட்டுகிற படலம். நம் பக்கத்தில் 'ஷீட்' என்றே சொல்கிறார்கள். பொலியூரித்தேன் படலம், பசையோடு சேர்த்து 200 மைக்ரோன் சொச்சம், அதாவது கொப்பித் தாள் இரண்டரை. ரப்பர் மாதிரி அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அதற்கும் எல்லை உண்டு. மண்சரிவை அள்ளிக்கொண்டு போகிற டிப்பரிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு கல் நேரே வந்தால் ஷீட்டும் கிழியும். ஆனால் கிழிந்த துண்டை மட்டும் மாற்றலாம், பெயின்ட் பிழைக்கும்.

இதிலும் ஒரு வித்தை காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். ஒரு மாதிரித் துண்டைப் பித்தளைப் பிரஷ்ஷால் கீறிவிட்டு, கேத்தலிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். கீறல் கண் முன்னே மறையும். உண்மைதான், மறையும். மேல் பூச்சில் விழுந்த மயிர்க்கீறல் சூட்டில் கூடிக்கொள்ளும். கல் வெட்டிய காயம் எந்தச் சுடுதண்ணீரிலும் ஆறாது. அந்த வித்தையைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிவைக்கிறவர்கள், ஷீட் என்ன பொருளில் செய்தது என்று கேட்பதில்லை. பிவிசி ஷீட்டும் இதே பெயரில் விற்கப்படுகிறது. இழுத்தால் விறைப்பாக நிற்கும், மழைக்கோட்டு மணம் அடிக்கும், சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வெள்ளைக் காரில் அந்த மஞ்சளைப் பார்க்க வேண்டுமே! பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரோலின் நம்பரை வாரண்டி அட்டையில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் காரை விடாதீர்கள்.

சரி, எல்லோருக்கும் ஷீட் வேண்டுமா? வேண்டாம். இதைச் சொன்னால் என் வியாபாரத்தில் நானே மண் போட்டுக்கொள்கிறேன் என்று மகன் முணுமுணுக்கிறான். காரைக் கொழும்பில் வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் சீசனுக்கு மட்டும் நுவரெலியா வருகிறவர் பல லட்சம் செலவழித்து முழு உடம்புக்கும் ஷீட் ஒட்டுவது வீண். அவர் நல்ல மாஸ்கிங் டேப் இரண்டு ரோல் வாங்கி, பம்பரிலும் பொனட் நுனியிலும் ஒட்டிக்கொண்டு மலை ஏறி, வந்து சேர்ந்த அன்றே உரித்துவிட்டால் போதும். வெயிலில் விட்டு இரண்டாம் நாள் உரித்தால் பசை படியும், அதற்கு நான் பொறுப்பில்லை. சீசன் நேரத்தில் மஹகஸ்தோட்டை, ரதல்ல மலையேற்றப் பந்தயங்களுக்குக் கார் கொண்டு வருகிறவர்களில் சிலர் மூக்கில் டேப்போடு வந்து இறங்குவார்கள். பார்க்க அசிங்கம்தான், விவரம் தெரிந்தவர்கள்.

நிறத்தையும் பாருங்கள். சாதா வெள்ளை என்றால் நாளைக்கு பம்பரை மீண்டும் அடித்துக்கொள்ளலாம், எந்த நல்ல பெயின்ட் பாஸும் பொருத்திவிடுவார். மஸ்டாவின் அந்தச் சிவப்பு அடுக்கடுக்காக அடிப்பது. பம்பரை மட்டும் தனியாக அடித்தால் பக்கத்து மட்கார்டோடு ஒத்துப்போகாமல், வெயிலில் ஒன்று தக்காளியாகவும் மற்றது மாதுளையாகவும் நிற்கும். இருபது வருடத்துக்கு மேல் ஸ்ப்ரே கன் பிடித்த கை எனக்கு. இன்றும் அந்தச் சிவப்பு வந்தால் மூன்று அட்டையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காரைத் தொடுவேன். அப்படிப்பட்ட நிறம், அதோடு வாரத்தில் மூன்று நாள் ஹட்டன் ரோட்டிலோ ரம்பொடைப் பக்கமோ ஓடுகிற கார் என்றால், யோசிக்கவே வேண்டாம், ஒட்டுங்கள்.

முழு உடம்புக்கும் வேண்டாம். முன் பம்பர், பொனட் முழுதாக, முன் மட்கார்ட் இரண்டு, சைட் மிரர், ஹெட்லைட். அப்புறம் ஒருவரும் கேட்காத இடம் ஒன்று இருக்கிறது, கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவும். ஸ்போர்ட்ஸ் காரின் அகல டயர் பிசின் மாதிரி, தானே கல்லைப் பொறுக்கித் தன் விலாவிலேயே எறிந்துகொள்ளும். முன்னால் போகிற கொழுந்து லொறியை மட்டும் திட்டிப் பயனில்லை.

பொனட்டில் பாதி ஒட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். மலைக்கு அது சரிவராது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்த ஈரத்தில் ஷீட்டின் ஓரம் நெடுகிலும் அழுக்கு கோடு கட்டி, கொஞ்ச நாளில் பச்சையாகப் பாசி பிடிக்கும். பொனட் நடுவில் பாசிக்கோடு! பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க ஆசையிருந்தால் பாதி ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பெயின்ட் கனத்தை மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வருகிற ரீகண்டிஷன் காரில், ஏன், சிலவேளை புத்தம் புதியதிலும்கூட, ஏதோ ஒரு பகுதி மறுபடி அடித்ததாக இருக்கும். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதித் தருகிற தாளில் டபிள்யூ என்று குறித்திருந்தால் அந்த இடத்தில் டிங்கர் வேலை நடந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் 110, 120 மைக்ரோன் காட்டிய மீட்டர் ஒரு கதவில் மட்டும் 250 காட்டினால் எனக்குச் சொல்லிவிடுங்கள், நானும் பதறாமல் வேலை செய்வேன். அடித்த பெயின்ட் சரியாகப் பிடிக்காத இடத்தில் ஷீட் ஒட்டி, ஐந்து வருடம் கழித்து உரித்தால், பெயின்டும் சேர்ந்து தோலாக வரும். புதிதாக அடித்த பெயின்ட் என்றால் குறைந்தது ஒரு மாதம் விட வேண்டும். உள்ளே தின்னர் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும், அதை மூடினால் கொப்புளம். நம் குளிருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் விடலாம்.

ஷீட்டைக் காரின் மேல் விரித்துவிட்டு, அங்கேயே பிளேடால் வெட்டுகிறவரைக் கண்டால், தயவுசெய்து சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு கறுப்பு டொயோட்டா ஜிஆர்86இல் பழைய ஷீட்டை உரித்தபோது, ஹெட்லைட்டைச் சுற்றிக் கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி ஒரு கோடு. பிளேடு வார்னிஷைத் தாண்டிப் போயிருந்தது. கல்லடிக்குப் பயந்து காசு கொடுத்து, எந்தக் கல்லாலும் போட முடியாத காயத்தை வாங்கியிருக்கிறார். கம்பியூட்டரில் அளவெடுத்து மெஷினில் வெட்டிய ஷீட், அல்லது பெயின்டில் பிளேடு படாமல், நூலை இழுத்தால் ஷீட்டை வெட்டும் நூல் டேப் வைத்து வெட்டத் தெரிந்த கை, இரண்டில் ஒன்று வேண்டும்.

குளிர் இன்னொரு தொல்லை. கொழும்பில் மதிய வெயிலில் தானாகப் பிடிக்கிற பசை, நானுஓயாவில் ஜனவரி விடியலில் பிடிக்காது. மூடிய இடம், சூட்டு லைட், ஓரங்களை மடித்த பின் நிதானமாகக் காயவிடும் பொறுமை, இதெல்லாம் இல்லாத கடையில் மூன்றாம் நாள் ஓரம் எழும்பும். உள்ளே தண்ணீர்ப் பொட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அவை தானாக வற்றும், மலையில் சில கிழமை எடுக்கும். ஊசியால் குத்தாதீர்கள். குத்திக்கொண்டு வந்து நிற்கிறார்கள், சத்தியமாக. முதல் கிழமை கழுவக் கூடாது. அதன் பிறகும் சர்விஸ் ஸ்டேஷன் பையன் பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேரே பிடித்தால், கையைப் பிடித்துத் தள்ளி நிற்கவையுங்கள். பறவை எச்சத்தை அன்றன்றைக்கே நனைத்து எடுங்கள். ஷீட் இருக்கிறதே என்று ஒரு கிழமை விட்டால் ஷீட்டிலும் கறை ஏறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். ஒட்டுவது என்று முடிவெடுத்தால், மலை ஏறுவதற்கு முன் ஒட்டுங்கள். ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கி, கொழும்பில் நம்பர் பிளேட் மாட்டி, ஆசையோடு ஊருக்கு ஓட்டிவருகிற அந்த முதல் பயணத்திலேயே அடி விழுகிறது. எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, கீழேயே நல்ல கடையாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு வாருங்கள். அடிபட்ட பொனட் மேல் ஷீட் ஒட்டினால் புள்ளியெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும், வேறொன்றும் நடக்காது.

தலவாக்கலைத் தம்பியின் பொனட்டில் ஒவ்வொரு புள்ளியையும் மெல்லிய பிரஷ்ஷால் நிரப்பி, நீர்த்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். கிட்டே குனிந்து பார்த்தால் தெரியும். பம்பரைக் காப்பாற்ற முடியவில்லை, முழுதாக அடித்தாயிற்று. கடைசி அடுக்கு அடித்து இன்றோடு ஐந்து நாள். வெளியே மழை விட்டபாடில்லை. தினமும் காலை எட்டுக்குப் போன் வருகிறது. "அண்ணே, இன்னைக்கு ஒட்டலாமா?"