டெக்னோ: ‘தொழில்நுட்ப இசை’ அல்ல

டெக்னோ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகக் கையாள்கிறோம். கல்யாண வரவேற்பில் டிஜே அதிரவிடும் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர் ஆகிவிட்டது. எழுதுகிறவர்களோ, தமிழில் சொல்ல நினைத்தால் ‘தொழில்நுட்ப இசை’ என்று போட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு மொழிபெயர்ப்பில் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் அந்தச் சொல் வந்த வழியைத் தேடிப் படித்தபோதுதான், அதன் பாதி உயிரை வெளியே விட்டுவிட்டேன் என்று புரிந்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். டெக்னோ என்பது 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய மின்னணு நடன இசை. பாட்டு வரிகள் பெரும்பாலும் இருக்காது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 150 அடி. அதைக் காதுக்குப் பழக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ‘தகதிமி தகதிமி’ என்று விடாமல் சொல்லிப் பாருங்கள். ‘த’ விழும் இடத்திலெல்லாம் வயிற்றில் இறங்கும் கிக் என்னும் பெரிய டிரம். ‘தி’ விழும் இடத்தில் ‘ட்ஸ்’ என்று ஹை-ஹாட் என்னும் ஜோடித் தட்டு. நம் ஊர் கணக்கில் சதுஸ்ர நடை. அந்த நடை ஆறேழு நிமிடம் அப்படியே போகும். மேலே வரும் ஒலிகள்தான் மெல்ல நுழைந்து, கூர்மையாகி, கரைந்து போகும்.

இந்தத் தாளத்தை ஓட்டியது மனிதக் கை அல்ல. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற தாளப்பொறியின் கீழ் விளிம்பில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. கிக்கைத் தேர்ந்தெடுத்து 1, 5, 9, 13 ஆகியவற்றை அழுத்தினால் நான்கு ‘த’ கிடைத்துவிடும். ஹை-ஹாட்டுக்கு 3, 7, 11, 15. ஓடவிட்டால் நிறுத்தும்வரை அதே சுற்றுதான். உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் அதை ஒதுக்கினார்கள். 1983-ல் உற்பத்தியே நின்றுபோனது. பழைய பொருளாக மலிவு விலைக்குக் கைமாறியபோதுதான், கையில் காசு குறைவாக இருந்த இளைஞர்களுக்கு அது எட்டியது.

இனி சொல். கிரேக்க மொழியில் ‘டெக்னே’ என்றால் கைத்திறன், கலை. இரண்டும் அங்கே ஒரே சொல்தான். ‘டெக்டோன்’ என்றால் மரவேலை செய்பவர். வடமொழியில் தச்சரைக் குறிக்கும் ‘தக்ஷன்’ இதற்கு உறவுச்சொல். நம்முடைய ‘தச்சன்’ அந்தத் தக்ஷனிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. ஆக, டெக்னோவும் தச்சனும் தூரத்துச் சொந்தம். புறநானூற்றின் 206-ஆம் பாட்டில் ஔவையார் தன் இசைக்கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு கோபமாகக் கிளம்புகிறார். எந்தத் திசைக்குப் போனாலும் சோறு கிடைக்கும் என்பதற்கு அவர் காட்டும் உவமை, ‘மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர் மழுவுடைக் காட்டகத் தற்றே’. கோடரி பிடித்த தச்சன் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ, திறன் உள்ளவர்களுக்கு உலகம் அப்படி. கைத்திறனையும் இசையையும் இப்படிச் சேர்த்து வைத்த வரி நம்மிடம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் டெட்ராய்ட் இளைஞர்கள் கிரேக்க அகராதியைப் புரட்டிப் பெயர் வைக்கவில்லை. அவர்களுக்குச் சொல் கிடைத்த இடம் ஆல்வின் டாஃப்லர் என்ற எழுத்தாளர். 1980-ல் வெளியான ‘தர்ட் வேவ்’ நூலில் அவர் ‘டெக்னோ ரெபல்ஸ்’ என்று சிலரைக் குறிப்பிடுகிறார். இவர்கள் எந்திரத்தை வெறுப்பவர்கள் அல்ல. அதன் போக்கைப் பெரிய நிறுவனங்களும் அரசும் மட்டுமே முடிவு செய்வதை ஏற்காதவர்கள். தமிழில் ‘நுட்பக் கலகக்காரர்’ எனலாம். பள்ளியில் எதிர்காலவியல் வகுப்பிலேயே டாஃப்லரைப் படித்திருந்த, அந்த இளைஞர்களில் ஒருவரான ஹுவான் அட்கின்ஸுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. டெக்னோ என்பதில் அவர் கேட்டது எந்திரத்தை மட்டுமல்ல, கலகத்தையும் சேர்த்துத்தான். ‘தொழில்நுட்ப இசை’ என்று எழுதும்போது விடுபட்டுப் போவது அதுதான்.

ஊரின் நிலையையும் சொல்லவேண்டும். 1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 1980-ல் 12 லட்சம். கார் ஆலைகளில் வேலை குறைந்தது, ரோபோக்கள் நுழைந்தன. அந்த நகரத்துக்குப் பெருமை சேர்த்த மோட்டவுன் இசை நிறுவனம் 1972-லேயே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. மோட்டவுனின் இசையைவிட ஃபோர்டு ஆலையின் ரோபோக்கள்தான் தன்னை ஈர்க்கின்றன என்று அட்கின்ஸ் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தன் ஊர்க்காரர்களின் வேலையைப் பறித்த எந்திரத்தையே எடுத்து வாசிக்கக் கற்றுக்கொண்ட தலைமுறை அது.

டெட்ராய்ட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூர். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த அந்த ஊரின் பள்ளியில் மூன்று கறுப்பினப் பையன்கள் நண்பர்களானார்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ‘பெல்வில் மூவர்’ என்று இன்று உலகம் அழைப்பது இவர்களைத்தான். இரவில் வானொலியில் ‘எலக்ட்ரிஃபையிங் மோஜோ’ என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தியவர்தான் இவர்களுக்கு ஆசான். கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று அமெரிக்க வானொலி கோடு போட்டு வைத்திருந்த காலத்தில், ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் இசைக்குப் பக்கத்திலேயே ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கைப் போட்டவர் அவர்.

இந்தக் கிராஃப்ட்வெர்க்தான் டெக்னோவின் பெரிய ஊற்று. டியூசல்டோர்ஃப் நகரில் 1970-ல் ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய குழு. பெயரின் பொருளே ‘மின் நிலையம்’. நெடுஞ்சாலையையும் ரயிலையும் கணினியையும் பாடுபொருளாக்கினார்கள். மியூனிக்கில் ஜார்ஜியோ மோரோடர், டோனா சம்மர் குரலில் 1977-ல் ஆக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ இன்னொரு ஊற்று. அதில் கிட்டத்தட்ட முழுப் பின்னணியும் மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி. ஜப்பானின் எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற குழு 1979-லேயே ‘டெக்னோபொலிஸ்’ என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டது. ஆக, டெக்னோ என்ற முன்னொட்டு இசைக்குள் வந்தது டெட்ராய்ட்டுக்கும் முன்னால். கிளின்டனும் கிராஃப்ட்வெர்க்கும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாதிரி என்று டெரிக் மே இந்தக் கலவையை விவரித்தது மிகவும் பேர்பெற்றது.

அட்கின்ஸ் 1981-ல், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிச்சர்ட் டேவிஸுடன் சேர்ந்து ‘சைபோட்ரான்’ என்ற பெயரில் முதல் இசைத் தட்டை வெளியிட்டார். 1984-ல் ‘டெக்னோ சிட்டி’ வந்தது. அடுத்த ஆண்டு தனியாக ‘மாடல் 500’ என்ற பெயரில், தன் மெட்ரோபிளெக்ஸ் நிறுவனத்தின் வழியே ‘நோ யுஎஃப்ஓஸ்’. டெரிக் மே 1987-ல் தந்த ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’ ஒன்றைக் கேட்டாலே எந்திர இசைக்கு ஈரம் இல்லை என்ற எண்ணம் போய்விடும். பியானோவும் வயலின் கூட்டம் போன்ற ஒலியும் ஒன்றையொன்று துரத்தும். பேஸ் எனப்படும் கீழ்ச்சுருதி ஒலி கிடையாது. நடன இசையில் பேஸ் இல்லாமல் இருப்பது அடித்தளம் இல்லாமல் வீடு கட்டுவது போல. ஆனாலும் நிற்கிறது.

அப்போதும் இதற்கு உறுதியான பெயர் இல்லை. சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பின் பெயரால் ‘ஹவுஸ்’ இசை பரவியிருந்தது. டெட்ராய்ட் இசையையும் அதன் கிளையாகவே பலர் பார்த்தார்கள். 1988-ல் நீல் ரஷ்டன் என்பவர் பிரிட்டனில் வெளியிட ஒரு தொகுப்புத் தயாரித்தார். தலைப்பில் ஹவுஸ் என்றுதான் இருக்க வேண்டியது. அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் பெயர் ‘டெக்னோ மியூசிக்’. அதையொட்டித் தொகுப்பின் தலைப்பு ‘டெக்னோ! டெட்ராய்ட்டின் புதிய நடன ஒலி’ என்ற பொருளில் மாறியது. இசைவகையின் பெயர் நிலைத்தது அந்த அட்டையில்தான்.

ஜெர்மனியில் அந்தச் சொல்லுக்குத் தனி வரலாறும் உண்டு. ஃப்ராங்க்ஃபர்ட்டில் டல்லா 2எக்ஸ்எல்சி என்ற டிஜே 1980களின் தொடக்கத்திலேயே மின்னணு இசைத் தட்டுகளை டெக்னோ என்று வகைப்படுத்தினார். பெர்லின் சுவர் விழுந்தபின் 1991-ல், ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ‘டிரெசர்’ கிளப் திறந்தது. அதன் முதல் வெளியீடு டெட்ராய்ட்காரர்களுடையது. 2024-ல் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செய்தியைப் படிப்பவர்களுக்கு டெட்ராய்ட் என்ற பெயரும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மும்பையின் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கையும் சிலர் இங்கே இழுப்பார்கள். 1982-ல் 808 தாளப்பொறியிலும் ரோலண்டின் டிபி-303 என்ற பேஸ் கருவியிலும் அவர் ராகங்களை வாசித்துப் பதிவு செய்தது உண்மை. கேட்டால் வியப்பாகவே இருக்கும். அதற்கான பெருமை அவருக்கு உரியது. ஆனால் டெட்ராய்ட் இசை அதைக் கேட்டு உருவானது அல்ல.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இசைத் தொழில்நுட்பம்’ என்பது ஒலிப்பதிவு, ஒலிக்கலவை முதலிய துறைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘தொழில்நுட்ப இசை’ அதோடு குழம்பும். ‘மின்னணு இசை’, ஈழத்தில் ‘இலத்திரனியல் இசை’, இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் ஹவுஸ், டிரான்ஸ் எல்லாம் அடங்கும் குடைச்சொற்கள். ‘எந்திர இசை’ என்றால் உணர்ச்சியற்றது என்ற வசை ஒட்டிக்கொள்கிறது.

நான் பரிந்துரைப்பது ‘பொறியிசை’. பொறி என்றால் எந்திரம். மதுரைக் கோட்டையின் ‘வளைவிற் பொறி’யைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. பொறி என்றால் தீப்பொறியும்தான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்ற ஐம்பொறியும்தான். எந்திரம் உடம்பைத் தொட்டு நெருப்பு பற்றவைக்கிற இந்த இசைக்கு மூன்று பொருளும் பொருந்துகின்றன. இசைவகைகளின் பெயரை ஜாஸ், ராக் என்று அப்படியே எழுதும் வழக்கமும் நமக்கு உண்டு. அதனால் முதல் முறை ‘டெக்னோ என்னும் பொறியிசை’ என்று எழுதி, பிறகு எது வாயில் வருகிறதோ அதைத் தொடரலாம். ‘டெட்ராய்ட்டில் பிறந்த பொறியிசை’, ‘பொறியிசைக் கலைஞர் ஹுவான் அட்கின்ஸ்’, ‘தாளப்பொறியில் 16 பொத்தான்கள்’. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.