ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்: அடுப்படியில் என்ன நடக்கிறது?

கடை திறப்பு நாளுக்கு என்ன ஆஃபர் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களிடம் பிரியாணி போடும் பெரிய பாத்திரம், அதாவது தேக்சா, எத்தனை இருக்கிறது?" என்றுதான். சிறு உணவகங்களில் சப்ளையராகவும் பிறகு மேனேஜராகவும் இருந்துவிட்டு, இப்போது புதிதாகக் கடை போடுகிறவர்களுக்குச் சமையலறையும் ஆட்களும் அமைத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஆஃபர் என்றவுடன் எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை சதவீதம் குறைக்கலாம், எந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வீடியோ போடலாம், ஃபிளெக்ஸ் எங்கே கட்டலாம் என்று பேச்சு போகிறது. அன்று மதியம் 1 மணிக்கு அடுப்படியில் நிற்கப்போகிற மாஸ்டரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

1 கிலோ அரிசி போட்டால் சுமார் 8 பிளேட் பிரியாணி வரும். 10 கிலோ தேக்சா ஒன்றுக்கு 80 பிளேட். வெங்காயம் வதக்குவதில் தொடங்கி, கறி வெந்து, அரிசி போட்டு, தம் போட்டுத் திறக்கிற வரைக்கும் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். 40 பேர் உட்காரக்கூடிய சின்னக் கடையில் பெரும்பாலும் இரண்டு பெரிய அடுப்புதான் இருக்கும். ஆக, 12 மணிக்கு 160 பிளேட் தயார். அடுத்த 160 ஒன்றரை மணிக்கு மேல்தான். சாதாரண நாளில் இது தாராளம். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று அறிவித்த நாளில் முதல் 80 பேரோடு அந்த 160 காலி. 81-ஆவது ஆள் 12.30 மணிக்கே கல்லாவில் பணம் கட்டி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அவருக்குத் தரக் கடையில் ஒன்றும் இருக்காது.

விலையை நினைத்த மாத்திரத்தில் பாதியாக்கிவிடலாம். தம் போடுகிற நேரத்தைப் பாதியாக்க முடியாது. ஆனால் அன்று எல்லோரும் மாஸ்டரை நெருக்குவது அதற்குத்தான்.

தென்மாவட்ட ஊர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிடும் கூட்டமும் பார்சல் கூட்டமும் ஒரே வாசலில். ஆன்லைன் ஆர்டர் எடுக்க வந்த தம்பிகள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கல்லாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவ ஒரே ஒரு அக்காதான். தட்டு வந்து குவிகிற வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஈரம் வடியாத தட்டிலேயே சோறு போனது. வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆகியிருந்த ஒரு பையன் மேசைக்கு மேசை திட்டு வாங்கினான். "காசு கட்டியாச்சு, சாப்பாடு எங்கடா?" என்று கேட்டவர்களுக்கு அவனிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பித் தர அவனுக்கு அதிகாரம் கிடையாது. தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் அனுமதி கிடையாது. முதலாளி வாசலில் நின்று இன்னும் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தப் பையன் வரவில்லை. அக்கா வந்தார், விரல் இடுக்கெல்லாம் சோப்பு அரித்த புண்ணோடு.

சின்னக் கடையில் வேலை செய்கிறவர்கள் மொத்தமே ஆறேழு பேர். ஒருவர் நின்றுவிட்டால், புது ஆள் கிடைத்துப் பழகுகிற வரைக்கும் அந்தச் சுமை மற்றவர்கள் தலையில்தான் விழும். ஆஃபர் செலவைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதை எழுதுவதே இல்லை.

அதைவிட எனக்கு அதிக பயம் தருவது சாப்பாட்டின் பாதுகாப்பு. கூட்டம் நெருக்கும்போது முதலில் குறைவது வேக்காடுதான். கோழிக்கறியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் சூட்டையாவது எட்ட வேண்டும்; அவசரத்தில் மேலே வெந்தும் எலும்பை ஒட்டி ரத்தச் சிவப்போடும் துண்டுகள் தட்டுக்குப் போகும். இதைத் தவிர்க்கிறோம் என்று சிலர் முந்தைய இரவே சமைத்து வைக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. அரிசியில் இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அண்டாவில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. ஆவி பறக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, ஃப்ரிட்ஜ். வழக்கத்தைவிட மூன்று மடங்கு கறி வாங்கினால் அதை எங்கே வைப்பீர்கள்? கேட்டால் பலருக்கு அப்போதுதான் அந்தக் கேள்வியே உறைக்கிறது.

2021 ஜூலையில், கொரோனா கட்டுப்பாடுகள் இருந்த நேரத்தில், மதுரை செல்லூரில் ஒரு பிரியாணிக் கடை திறப்பு நாளன்று 5 பைசாவுக்குப் பிரியாணி என்று அறிவித்தது. 25 பைசா வரைக்குமான காசுகள் 2011 ஜூனோடு செல்லாமல் போனவை. இருந்தும் காசைத் தேடி எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். கடைசியில் போலீஸ் வந்து கடையை மூடவைத்தது. செல்லாத காசு யாரிடம் இருக்கப்போகிறது என்ற கணக்கு சாப்பாட்டு விஷயத்தில் எடுபடாது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சிகாகோவில் 2008 நவம்பரில் தொடங்கிய குரூப்பான் நிறுவனம் பாதி விலைக் கூப்பன்களை விற்றே உலகமெங்கும் பரவியது. கூப்பன் பணத்திலும் ஏறக்குறைய பாதியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். 100 ரூபாய்ப் பொருளுக்குக் கடைக்காரர் கையில் 25 ரூபாய் வந்தால் பெரிது. 2011-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரப் பக்கம், 8 பேர் வேலை செய்த ஒரு கேக் கடை, ஒரு டஜன் கப்கேக்குக்கு 75 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது. எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. வாங்கியவர்கள் 8,500 பேர். சுட வேண்டிய கேக் 1,02,000. வெளியிலிருந்து 25 பேரை வேலைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று. 12,500 பவுண்டு நஷ்டத்தில் அந்த வருட லாபமே போனது.

இந்தக் கூப்பன்களைப் பற்றி ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலக்கியா 2010-இல் ஓர் ஆய்வு செய்தார். 150 தொழில்களைப் பார்த்ததில் 66 சதவீதம் பேருக்கு லாபம், 32 சதவீதம் பேருக்கு நஷ்டம். 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இனிமேல் இதைச் செய்ய மாட்டோம் என்றார்கள். லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானித்ததில் தள்ளுபடியின் அளவைவிட முக்கியமாகத் தெரிந்தது, வேலை செய்கிறவர்களின் திருப்தி. அடுப்படியில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் முதலாளிகளிடம் சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வு கைகொடுக்கிறது.

இப்போது நம் ஊரில் ஆஃபர் என்பது பெரும்பாலும் உணவு டெலிவரி செயலி வழியாகத்தான் வருகிறது. உதாரணத்துக்கு 180 ரூபாய்ப் பிரியாணிக்குப் பாதி விலை போடுகிறீர்கள், அந்தத் தள்ளுபடி முழுதும் உங்கள் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவது 90. அதன் மேல் 22 சதவீதம் கமிஷன் என்றால் 19.80 போகும். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 3.56. உணவகம் 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் இருந்தால் இந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்கள் செலவுதான். கையில் நிற்பது 66.64. அரிசி, கறி, மசாலாவுக்கே 70 ரூபாய், டப்பாவுக்கும் பைக்கும் 8 ரூபாய். கேஸ், வாடகை, சம்பளம் எதுவும் தொடாமலே பிளேட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் கை நஷ்டம். கூட்டம் கூடக் கூட நஷ்டமும் கூடும். 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கி நூற்றுக்கணக்கான உணவகங்கள் 'லாக் அவுட்' (வெளியேறுகிறோம்) என்று சொல்லி, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கான செயலித் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து வெளியேறியதற்கும் தள்ளுபடிச் சுமை கடைக்காரர் தலையில் விழுந்ததுதான் அடிப்படை. கையெழுத்துப் போடுவதற்கு முன் தள்ளுபடியில் யார் பங்கு எவ்வளவு, கமிஷன் எந்தத் தொகையின் மேல் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் வருகிற வாடிக்கையாளரையும் அன்றைக்கு மறந்துவிடுகிறோம். முழு விலை கொடுத்து மாதம் முழுக்கச் சாப்பிடுகிறவர் அவர்தான். தன் மேசைக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போவார். அங்கே பிடித்துவிட்டால் அங்கேயே இருந்துவிடுவார்.

சரி, ஆஃபரே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுக் கடை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். ஆனால் எத்தனை பிளேட் என்பதை மாஸ்டர் சொல்லட்டும், முதலாளி அதற்கு மேல் போகாதிருக்கட்டும். "முதல் 150 பிளேட்டுக்கு மட்டும்" என்று விலையின் அளவிலேயே பெரிய எழுத்தில் ஃபிளெக்ஸில் போடுங்கள். காலையிலேயே டோக்கன் கொடுத்து, டோக்கனில் நேரத்தை எழுதுங்கள். மதிய நெரிசலை விட்டுவிட்டு 3 மணியிலிருந்து 5 மணி வரை என்று வைத்தால் அடுப்பும் சும்மா இருக்காது, வழக்கமானவர்களுக்கும் இடம் இருக்கும். முழுப் பிரியாணியை இலவசமாகத் தருவதற்குப் பதில் ஒரு சிக்கன் 65 தட்டு கொடுப்பது எவ்வளவோ மேல். தேக்சாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று ஒரு நாள் ஆன்லைன் ஆர்டரை நிறுத்தி வையுங்கள். பாத்திரம் கழுவ இன்னொருவரைக் கட்டாயம் போடுங்கள். எல்லோரும் சப்ளைக்கு ஆள் தேடுவார்கள், தேக்கம் விழுவது கழுவுகிற தொட்டியில்தான்.

ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம், 1958, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்துக்கு எல்லை வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு கூலி. காலை 6 மணிக்கு வந்தவர் இரவு 11 வரை நின்ற பிறகு ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது கூலி ஆகாது. சப்ளையர்கள் முறை வைத்து உட்கார்ந்து சாப்பிடவும் அன்று நேரம் ஒதுக்க வேண்டும். ஆஃபர் நாளில் பட்டினி கிடப்பவர்கள் சாப்பாடு பரிமாறுகிறவர்கள்தான்.

சாப்பிட வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாமதத்துக்குக் காரணம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன் இல்லை. கேட்க வேண்டியதைக் கல்லாவில் கேளுங்கள்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில நாள் கூட்டம் மீறும். சாப்பாடு முடியப்போகிறது என்று மாஸ்டர் சொன்ன அந்த நிமிடமே கல்லாவில் பில் போடுவதை நிறுத்துங்கள். பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க முடியாதவருக்குத் திருப்பித் தரும் அதிகாரத்தைச் சப்ளையர் வரைக்கும் கொடுத்துவிடுங்கள். வரிசையில் மிச்சம் நிற்பவர்களுக்கு வேறொரு நாளுக்கான டோக்கனைத் தேதியும் நேரமும் எழுதி, கடை முத்திரை வைத்துக் கொடுங்கள். அந்த நாள் செவ்வாய், புதன் மாதிரிக் கூட்டம் குறைந்த நாளாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு 30 டோக்கனுக்கு மேல் வேண்டாம்.