நீரோட்ட உருவகமா, ஒப்புருவா?

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணினியில் போட்டுப் பார்க்கிற கணக்குக்கு ‘நீரோட்ட உருவகம்’ என்று பெயர் வைத்தவரைத் திற்பரப்பு அருவிக்கு அடியில் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்துக் கோதையாறோ பழையாறோ, எதைப் பற்றிய மொழிபெயர்ப்பைத் திறந்தாலும் உருவகம், உருவகப்படுத்துதல், உருவகப்படுத்தப்பட்ட.

மூலச்சொல் மாடல். ‘சிறிய அளவு’ என்னும் பொருளுள்ள லத்தீன் மாடுலஸிலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த மாடலோடு சேர்ந்து வரும் இன்னொரு ஆங்கிலச் சொல் வாட்டர்ஷெட். அதில் உள்ள ஷெட்டுக்கும் கொட்டகைக்கும் தொடர்பில்லை. பிரிப்பது என்று பொருள். முதலில் இரண்டு ஆறுகளைப் பிரிக்கும் மேட்டைக் குறித்தது, பிறகு அந்த மேட்டிலிருந்து ஓர் ஆற்றுக்கு வடியும் நிலம் முழுவதையும் குறித்தது. அதற்கு ‘வடிநிலம்’ இருக்கிறது. அதில் சண்டை இல்லை.

சண்டை உருவகத்தோடுதான். பள்ளியில் படித்ததுதானே? ‘மலர் போன்ற முகம்’ உவமை, ‘முகமலர்’ உருவகம். உவமையில் இரண்டு பொருளும் தனித்தனியே நிற்கும். உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். கணினி என்ன செய்கிறது? வடிநிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெய்த மழையில் மண் குடித்தது எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, சரிவில் இறங்கியது எவ்வளவு என்று கணக்கிடுகிறது. வந்த விடையை ஆற்றில் அளந்த அளவோடு ஒப்பிட்டு வித்தியாசம் பார்த்துத் திருத்துகிறார்கள். ஆக, இது உவமை. ஆறும் கணக்கும் ஒன்றேதான் என்று நம்பினால் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மாட்டிக்கொள்வோம். அங்கே சானல், அதாவது கால்வாய், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஓடுகிறது. நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்த கணினி அந்தத் தண்ணீரையும் கீழே ஆற்றில் இறக்கிவிடும்.

‘மாதிரி’ பொருளால் தேவலை. போல என்றுதானே சொல்கிறது. ஆனால் சாம்பிளும் மாதிரிதான். ‘வெள்ள மாதிரி’ என்று எழுதினால் எங்கள் ஊரில் பரிசோதனைக்குக் குப்பியில் பிடித்த தண்ணீர் என்றே எடுத்துக்கொள்வார்கள். குமரியில் வெள்ளம் குடிக்கிற பொருள். இலங்கைத் தமிழர் ‘மாதிரியுரு’ என்று வால் சேர்த்துக் குழப்பத்தைத் தவிர்த்தார்கள். நல்ல வேலைதான், கொஞ்சம் நீளம்.

என் ஓட்டு ஒப்புருவுக்கு. ‘ஒப்ப’ என்பது தொல்காப்பிய உவமவியல் பட்டியலிலேயே இருக்கும் உவம உருபு. வடிநில நீரோட்ட ஒப்புரு என்றால் தீர்ந்தது. அதைக் கணினியில் இயக்குவதற்கு ‘உருவகப்படுத்துதல்’ என்று இன்னொரு நீளப்பெயர் எதற்கு? ‘ஒப்புருவை ஓட்டிப் பார்த்தோம்’ என்றால் யாருக்குப் புரியாது? நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நல்ல வினைச்சொல்லைக் கண்டாலே ஆகாது. எதை எடுத்தாலும் ‘படுத்துதல்’ போட்டு நம்மைப் படுத்துகிறார்கள்.